மிளகாய்க் காந்தல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பிரேமாவை நடு வீட்டில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒன்றும் இல்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம் இது. வீட்டுக்குப் பெரியவர் ராமசுப்பு. போன ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டு போய் ரத்தக் குழாயில் இருந்த அடைப்பைச் சரி செய்து கூட்டி வந்தார்கள். அன்று முதல் அவருடைய மாத்திரைகளுக்குத்தான் இந்த வீட்டில் முதல் மரியாதை.

ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இதயம் படபடக்காமல் இருக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் குப்பி. வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு இதில் ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். விழுங்கக் கூடாது, கரைய விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் அதற்கு நாக்கு மாத்திரை என்று பெயர். பொறுப்பு, மருமகள் பிரேமாவுடையது.

தை பிறந்த பிறகு ராமசுப்புவுக்கு வலியே வரவில்லை. ஆனால் குப்பி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இன்று காலியாகிவிட்டது. அதைத்தான் பிரேமாவின் புருஷன் கிருஷ்ணகுமார் கண்டுபிடித்து, வீடு அதிரக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"கேக்குதேன்லா. மாத்திரை எங்க?"

"தெரியல."

"தெரியலன்னா? சாவி உங்கிட்ட, அலமாரி உங்கிட்ட. ராத்திரி நைனாவுக்கு வலி வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப? காலிக் குப்பிய நக்கச் சொல்லுவியா?"

"நாந்தான் தின்னுட்டேன். போதுமா?"

"ஒரு பொருளப் பத்திரமா வச்சுக்கிடத் துப்பில்ல. கடம்பூர்ல போளி தட்டத்தான் சொல்லிக் குடுத்தாவளாக்கும்."

பிரேமாவின் அப்பா கடம்பூரில் போளிக் கடை வைத்திருப்பவர். இந்த வீட்டில் பால் பொங்கினாலும் சரி, பூனை உருட்டினாலும் சரி, அந்தப் போளிக் கடையைத்தான் இழுப்பார்கள். பிரேமாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழக் கூடாது என்று குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ராமசுப்பு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"விடுலே. காலங்காத்தால எதுக்கு. இன்னைக்கு டாக்டரப் பாக்கப் போறோம்லா, புதுசா ஒண்ணு வாங்கிக்கிட்டா போச்சு."

பெரிய மனசு என்று பிரேமாவே நினைத்தாள். நீங்களும் அப்படி நினைத்திருந்தால் அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அடுப்படி வாசலில் மாமியார் சத்தியபாமா நின்றிருந்தாள். நெற்றியைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குத் தலைவலி. மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"குமாரு, நானும் ஒரு எட்டு வரட்டுமாய்யா?"

"நீ எதுக்கும்மா?"

"அந்த டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேக்கணும். நெஞ்சுக்குள்ள ஒரே காந்தலா இருக்கு."

கிருஷ்ணகுமார் அப்பாவைப் பார்த்தான். ராமசுப்பு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மிளகாக் காந்தலுக்கு கோவில்பட்டி டாக்டரா? மோரக் குடி, சரியாப் போயிரும். களத்துல வத்தல் கெடக்கு. நாளைக்கு யாவாரி வாரான்."

கார் போய்விட்டது.

இந்த மிளகாய்க் காந்தலைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் தையில் பழம் பறிக்க ஆரம்பித்தால் சித்திரை வரை எல்லாருக்கும் எல்லாமும் காந்தும். பறிக்கிற கை காந்தும். அந்தக் கையால் தொட்ட கண் காந்தும். களத்தில் வத்தலைக் கிண்டிவிட்டால் மூக்கும் தொண்டையும் காந்தும். அதனால் இந்த மூன்று நான்கு மாதத்தில் ஒரு பொம்பிளை நெஞ்சு காந்துகிறது என்று சொன்னால், எந்த இடத்தில் காந்துகிறது, எப்போது காந்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு செம்பு மோரை நீட்டுவார்கள். மற்ற மாதங்களில் என்றால் வாயு என்று சொல்லி ஓம வாட்டரை நீட்டுவார்கள்.

ஆம்பிளைக்கு வந்தால் நெஞ்சுவலி. கார் வரும், திருநெல்வேலி வரும், அலமாரியும் சாவியும் வரும். பொம்பிளைக்கு வந்தால் காந்தல். இதைக் கோபப்படாமல் எழுது என்றால் என்னால் முடியாது.

வெயில் ஏறியதும் பிரேமா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு களத்துக்குப் புறப்பட்டாள். புருஷன் பேசிய பேச்சு காதுக்குள்ளேயே நின்றது. யார் எடுத்திருப்பார்கள்? வீட்டில் இருப்பது நாலு பேர். மாமாவுக்கு வலி இல்லை. குமாருக்கு எதற்கு? தான் எடுக்கவில்லை.

ஓடைப் பாலத்தில் அவள் கால் நின்றுவிட்டது.

ஐப்பசியில் மாமாவுக்கு முதன்முதலில் அந்த மாத்திரை கொடுத்தபோது, வலி போய்த் தலைவலி வந்தது. தலை தெறிக்கிறது என்று கத்தினார். கோவில்பட்டி டாக்டரம்மா சிரித்தாள். இந்த மாத்திரை போட்டால் சில பேருக்குத் தலை வலிக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்றாள்.

அத்தை தலையில் ஈரத் துணி கட்ட ஆரம்பித்தது தையில்தான்.

பிரேமா வேகமாக நடந்தாள். களத்தில் வத்தல் சிவப்பாக விரிந்து கிடந்தது. சத்தியபாமா காய்ந்ததை அள்ளிச் சாக்கில் போட்டு, சாக்கை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். நிமிர்ந்தாள். ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு மெதுவாகச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள். இன்னொரு கை முந்தானை முடிச்சை அவிழ்த்தது. அதிலிருந்து எதையோ எடுத்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, அடியில் வைத்தாள்.

அந்த நாக்குத் தூக்கலைப் பிரேமாவுக்கு நன்றாகத் தெரியும்.

"அத்த, வாயத் தொறங்க."

சத்தியபாமா திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன வச்சிருக்கீய?"

"கல்கண்டுட்டி. காந்தலுக்கு."

"கல்கண்ட நாக்குக்கு அடியில வச்சு யாரும் திங்க மாட்டாவ. தொறங்க."

சின்னப் பிள்ளை போலச் சத்தியபாமா வாயைத் திறந்தாள். பிரேமா தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

"எப்பலேருந்து?"

"தைலேருந்து. சாக்கு தூக்குனா வரும், உக்காந்தா போயிரும். காந்தலாட்டம் வந்து, தாடைக்கு ஏறி, இந்தத் தோளுக்கு இறங்கும். மொதல்ல எப்பவாச்சும்தான் வந்துச்சு. இப்ப வீட்டுக்குள்ள நடந்தாலே வருது. இத வச்சா நிக்குது. நான் என்ன செய்ய?"

"காலைல உங்க மவன் என்னை அந்தப் பேச்சு பேசினாவ. எங்க அப்பா கடை வரைக்கும் இழுத்தாவ. நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீய?"

"சொல்ல வந்தேன்."

"வந்து?"

சத்தியபாமா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை மேல் பிரேமாவுக்குக் கோபம் பொங்கியது. இப்படி வாயை மூடிக்கொண்டு சாகிற பழக்கத்தை யார் கற்றுக் கொடுத்தார்கள் இவர்களுக்கு?

"வலி வந்தா இப்படி வைக்கணும்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

சத்தியபாமா முனகினாள்.

"ஏட்டி, இன்னும் நிக்கலையே."

முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் வேர்வை அல்ல அது. உதடு வெளுத்திருந்தது. பிரேமா அந்த முந்தானை முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே நாலைந்து மாத்திரைகள் வேர்வையில் நனைந்து உதிர்ந்து, மிளகாய்த் தூளோடு சேர்ந்து சிவப்பு மாவாக ஒட்டிக் கிடந்தன.

மாத்திரை வாங்கிய அன்றே மருந்துக் கடையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். குப்பியை விட்டு வெளியே எடுத்து வைக்காதீர்கள், மூடியை இறுக்கி மூடுங்கள், சூடும் ஈரமும் பட்டால் மாத்திரையில் சத்து இருக்காது. அதனால்தான் அலமாரி, அதனால்தான் சாவி. பங்குனி வெயிலில், வேர்வை முடிச்சில், சத்தியபாமா சுமந்துகொண்டு திரிந்தது செத்துப்போன மாத்திரைகளை.

பிரேமா போனை எடுத்தாள்.

"ஆருக்குப் போடுத?"

"108-க்கு."

"வேண்டாம்ட்டி. ஊரே கூடிரும். கொஞ்சம் படுத்தா சரியாப் போயிரும். மேக்க பாரு, மேகம் கறுத்து வருது. வத்தல அள்ளி மூடணும். மழை பட்டா எல்லாம் சண்டாப் போயிரும், விலை போவாது. யாவாரி வேற…"

"அத்த, வத்தல் நனைஞ்சா நனையட்டும். வாய மூடிட்டு உக்காருங்க."

மாமியாரிடம் பிரேமா அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. சத்தியபாமா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், மிளகாய் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார்கள். இன்னொன்றை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். அது நல்ல மாத்திரை. எட்டயபுரம் வருவதற்குள் வலி கொஞ்சம் இறங்கியது. சத்தியபாமா மருமகளின் கையை விடவே இல்லை.

கோவில்பட்டியில் டாக்டரம்மா இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கே பிரேமா விடச் சொன்னாள். அங்கே வராந்தாவில் ராமசுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனை முடிந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். சட்டைப் பையில் புதுக் குப்பி. பக்கத்தில் கிருஷ்ணகுமார் அவருக்குச் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சர் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. அதன் பின்னால் பிரேமா ஓடினாள்.

"ஏட்டி, பிரேமா. அம்மாவுக்கு என்ன?" குமார் கூடவே ஓடினான்.

"காலைல சொன்னாவள்லா."

"என்ன சொன்னா?"

"காந்துதுன்னு சொன்னாவ. நீங்க மோரக் குடிக்கச் சொல்லிட்டு வந்துட்டீய."

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் உட்காராமலே பேச ஆரம்பித்தாள். இதயத்துக்குப் போகிற ரத்தம் குறைந்திருக்கிறது, இது லேசான விஷயம் இல்லை, இன்றைக்கே திருநெல்வேலி போய்க் குழாயைப் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு சத்தியபாமாவின் பக்கம் குனிந்தாள்.

"வலி வரும்போது என்ன மாத்திரை போட்டீங்க?"

"அவியளோட நாக்கு மாத்திரை."

"எப்படிப் போட்டீங்க?"

"உக்காந்துக்கிட்டு, நாக்குக்கு அடியில. முழுங்காம."

"முறை சரிதான். ஆனா அம்மா, அந்த மாத்திரை குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரிச்சுக் குடுக்கும், அவ்வளவுதான். வலி போயிடும். அடைப்பு அப்படியேதான் இருக்கும். தையிலயே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. வலி போனதால சரியாப் போச்சுன்னு நினைச்சுட்டீங்க. யார் குடுத்தது இதை?"

"நானாத்தான் எடுத்தேன்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற ராமசுப்பு தொண்டையைச் செருமினார்.

"நாந்தாம் குடுத்தேன்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் வெளியே போனாள். திரைக்கு உள்ளே நாலு பேர் மட்டும் இருந்தார்கள்.

"தைல ஒரு நா களத்துல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. எனக்கு வந்த மாதிரியே இருந்துச்சு. வெளிய போகும்போது குப்பிய மடியில வச்சுக்கிடுவேம்லா, அதுல இருந்து ஒண்ணு குடுத்தேன், நின்னுபோச்சு. பொறவும் கேட்டா, பொறவும் குடுத்தேன். எனக்குக் குறைஞ்சா குறையட்டும்னுதான் குடுத்தேன். வத்தல் வித்த பொறவு டாக்டர்ட்ட காட்டிக்கிடலாம்னு நெனச்சேன்."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. தன் உயிர் மாத்திரையைப் பெண்டாட்டிக்குப் பங்கு கொடுத்தவர் அல்லவா.

"எனக்கு வந்த மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லுதீய," என்றாள் பிரேமா. "அப்ப அது நெஞ்சுவலின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

ராமசுப்பு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தெரிஞ்சும் காலைல மிளகாக் காந்தல்னு எதுக்கு மாமா சொன்னீய?"

அவர் துண்டை மடித்து மறுபடியும் தோளில் போட்டார்.

"உங்க மவன் என்னை நடு வீட்டுல வச்சுக் கிழிச்சாவ. மாத்திரை எங்கன்னு கேட்டாவ. எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தீய."

காலையில் ஒரு பெரிய மனசைப் பார்த்தோமே, அது இதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கறி நன்றாக இல்லை என்று இன்னொருத்தியை ஏச விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மனசு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்து, தெரிந்து, அதற்கு என்ன மருந்து என்பதும் தெரிந்து, அப்புறமும் வத்தல் விற்கட்டும் என்று ஒரு மனுஷன் இருந்தால் அவருக்கு என்ன பழமொழி சொல்வது?

கிருஷ்ணகுமார் குறுக்கே வந்தான். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா?

"ஏட்டி, நைனாட்ட என்ன பேச்சு பேசுத. அவியளுக்கு நெஞ்சுக் கோளாறு இருக்குன்னு தெரியும்லா."

"அவியளுக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்கா?"

அவன் அம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டான்.

"அம்மா, இப்ப வலி இல்லைலா. நாளைக்குக் காலைல யாவாரிட்ட வத்தலப் போட்டுட்டு, கையோட திருநெல்வேலிக்குப் போயிருவோமா? அதுவரைக்கும் இங்கனயே படுத்திரு."

கெட்டவன் இல்லை குமார். அம்மா மேல் உயிர்தான். ஆனாலும் அவனுக்கு அது கேட்கத் தோன்றியது பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதுவரை மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த சத்தியபாமா மகனைப் பார்த்தாள்.

"ஏலே குமாரு. ஐப்பசில உங்க நைனாவுக்கு வலி வந்துச்சுலா. அன்னைக்குக் காட்டுல நல்ல பதம். மழை பேஞ்சு ஈரம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. பருத்தி வெத போடாமக் கெடந்துச்சு. வெதச்சுட்டுப் போவம்னு நம்மள்ல ஆராச்சும் சொன்னமா?"

கரிசல்காட்டில் விதைப்பு நாள் என்றால் என்னவென்று குமாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரம் காய்ந்தால் அந்த வருஷம் காய்ந்த மாதிரி. அன்றைக்கு ஏர் பூட்டாமல், விதையை மூட்டையிலேயே போட்டுவிட்டு, குடும்பமே திருநெல்வேலியில் கிடந்தது. கிழக்குக் காடு இந்த வருஷம் தரிசாகத்தான் நிற்கிறது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இல்லம்மா," என்றான் குமார்.

"பொறவு என்ன. நான் இப்பவே போறேன். பிரேமா எங்கூட வரட்டும்."

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. காற்றில் மண் வாசனை இருந்தது. எட்டயபுரம் பக்கம் எங்கேயோ பெய்துகொண்டிருந்தது. சத்தியபாமாவை ஏற்றினார்கள், பிரேமா ஏறினாள். ராமசுப்பு பின்னாலேயே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பைக்குள் கையை விட்டுப் புதுக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"இத வச்சுக்கோ. வழியில வேண்டியிருக்கும்."

சத்தியபாமா குப்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. தினமும் என்ன சமையல் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. களத்துல வத்தல் கெடக்கு. சாக்கு தூக்கும்போது உங்களுக்கு வேணும்."

கதவு மூடியது. நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை என்பதைப் பிரேமா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். அவளுக்கு வரவில்லை. அப்போது வரவில்லை.

கயத்தாறு நெருங்கும்போது பிரேமாவின் போன் அடித்தது. குமார்தான். காரில் பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தான்.

"பிரேமா, நைனா உங்க வண்டில வாராவளா?"

"இல்லையே. உங்க கூடத்தான வாராவ?"

"நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஆளக் காணல. பெஞ்சு, வராந்தா எல்லாம் தேடிட்டேன். வெளில ஆட்டோக்காரர் சொல்லுதாரு, விளாத்திகுளம் பஸ்ஸுல ஏறுனாவளாம். போனப் போட்டா எடுக்க மாட்டேங்காவ."

"குப்பி?"

அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"கார் சீட்டுல கெடக்கு."

மழை வருகிற நேரத்தில், ஒற்றை ஆளாக, நெஞ்சுக் கோளாறு உள்ள மனுஷன் களம் நிறைய வத்தலை அள்ளிச் சாக்கில் கட்டித் தூக்கப் போகிறார். மாத்திரை இல்லாமல். அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. கோபத்தோடு கோபமாகப் பயமும் சேர்ந்துகொண்டது. என்ன மனுஷன் இவர், பிராயச்சித்தத்தைக்கூடப் பிறத்தியார் வயிற்றில் நெருப்பைக் கட்டித்தான் செய்வாரா?

"நீங்க வண்டிய ஊருக்கு விடுங்க," என்றாள். "இங்க நான் பாத்துக்கிடுதேன். அவியளப் போயிப் பிடிங்க."

போனை வைத்தாள். சத்தியபாமா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நெஞ்சு சரியில்லாதவளிடம் இதைச் சொல்லலாமா என்றும் யோசித்தாள். கூட வந்த ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தாள். அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலையிலிருந்து நடந்தது அத்தனையும் நினைவுக்கு வந்தது. காந்தல், மோர், கல்கண்டு, நானாத்தான் எடுத்தேன். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவு மறைத்தது போதும்.

"மாமா வத்தல அள்ளப் போயிட்டாவளாம், அத்த. தனியா. குப்பிய கார்லயே போட்டுட்டுப் போயிட்டாவ. உங்க மவன் பின்னாலயே போறாவ."

வண்டியின் கூரையில் முதல் தூறல் விழுந்தது. சத்தியபாமா அழவில்லை. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் பிடித்திருந்த பிடியில் பிரேமாவின் விரல்கள் வலித்தன.

"அவியளுக்குத் தார்ப்பாய் எங்கன இருக்குன்னே தெரியாதேட்டி," என்றாள்.